சவலைப் பிள்ளைகளின் வைத்தியர்

சவலை என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். அடுத்த கரு வயிற்றில் தங்கியதும் தாய்ப்பாலை இழந்து மெலிகின்ற குழந்தையைச் சவலைப்பிள்ளை என்கிறோம். அச்சொல்லிலே பாலின் இழப்பு மட்டுமன்று, மடியின் இழப்பும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். பால் குறைந்தாற் குழந்தை மெலியும் என்பதை எவரும் அறிவர். பாலும் மருந்தும் குறைவின்றிக் கிடைத்தும், ஏந்துவதற்கு ஒரு மடி இல்லாமையால் வளர்ச்சி குன்றும் என்பதை உலகிற்கு எண்ணிக் காட்டியவர் ரெனே ஸ்பிட்ஸ் என்னும் வைத்தியர். அவர் வாழ்வை நம்மவர் அறிந்திருத்தல் நலம்.

ஸ்பிட்ஸ் 1887ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். ஹங்கேரியில் வளர்ந்து, புடாபெஸ்ட் நகரில் 1910இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே சிக்மண்ட் பிராய்டிடம் உளப்பகுப்பாய்வு பயிலச் சென்றார். அக்காலத்து உளப்பகுப்பாய்வாளர், வளர்ந்தோரின் நினைவுகளைக் கேட்டறிந்து, அவற்றைக்கொண்டே குழந்தை உள்ளத்தைப் பெரிதும் ஊகித்தனர். ஸ்பிட்ஸுக்கு அது போதவில்லை. பேசவறியாச் சிசுவை அறியவேண்டுமாயின், தொட்டிலின் அருகே அமர்ந்து பார்த்தல்வேண்டும் என்று துணிந்தார். பார்த்தவற்றைச் சலனப்படக் கருவியாற் பதிவு செய்தார். பாரிஸிற் சில ஆண்டுகள் கற்பித்தபின், இரண்டாம் உலகப்போர் மூளுந் தறுவாயில் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தார். ஐம்பது வயதைக் கடந்த அகதியாக அங்கே தொடர்ந்த பணியே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

அக்காலத்து வைத்தியசாலைகளும் அநாதை இல்லங்களும் கிருமிக்கு அஞ்சின. குழந்தைகளைத் தனித்தனியே பிரித்துவைத்தலே பாதுகாப்பு என எண்ணின. ஸ்பிட்ஸ் இரண்டு நிலையங்களை ஒப்புநோக்கினார். ஒன்று, குற்றம் புரிந்த இளம்பெண்களின் சிறையைச் சேர்ந்த குழந்தையகம். அங்கே தாய்மார் தத்தம் மக்களைத் தாமே பேணினர். மற்றொன்று, ஆதரிக்க வழியற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கான இல்லம். துப்புரவிலும் உணவிலும் அங்கே குறையில்லை. ஆயின் 45 குழந்தைகளுக்குத் தலைமைத் தாதி ஒருவரும் உதவித் தாதியர் ஐவருமே இருந்தனர். கட்டிற் கம்பிகளின்மேல் துணி தொங்கவிடப்பட்டமையால், படுத்திருந்த குழந்தைகளின் கண்ணுக்குக் கூரையன்றி வேறொன்றும் தெரியவில்லை.

விளைவு நெஞ்சை உலுக்குவது. வளர்ச்சியை அளக்கும் சோதனையிலே இல்லத்துக் குழந்தைகள் தொடக்கத்தில் 124 என்னும் உயர்நிலையில் நின்றனர். முதலாண்டின் முடிவில் அது 72 ஆயிற்று. இரண்டாமாண்டின் முடிவில் 45 ஆயிற்று. சிறைக் குழந்தைகளோ முதலாண்டின் முடிவிலும் 100க்குக் கீழே இறங்கவில்லை. இல்லத்திலிருந்த 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டாண்டுக்குள் மாண்டனர். எஞ்சியோரிற் பலர் பேசவும் தாமே நடக்கவும் இயலாதவராய், எடையும் உயரமும் குன்றி நின்றனர். 1945இலும் 1946இலும் இவற்றை ஸ்பிட்ஸ் வெளியிட்டார். சிறைச்சாலை குழந்தையைக் காத்தது, தூய இல்லம் காக்கவில்லை என்ற உண்மை பலருக்கு அதிர்ச்சி தந்தது.

நோயைக் கண்ட அவர் மருந்தையும் கண்டார். சிறைக் குழந்தையகத்திலேயே, ஆறு மாதத்திற்குப் பின் தாயைப் பிரிய நேர்ந்த குழந்தைகள் சிலர் முதலில் ஓயாது அழுதனர். பின்னர் அழுகையும் அடங்கி, எடை இழந்து, முகத்தைத் திருப்பிக் கிடந்தனர். மூன்று மாதத்திற்குள் தாய் மீண்டுவந்தால் அவர்கள் வியக்கத்தக்க விரைவில் தேறினர். ஐந்து மாதம் கடந்தால் மீட்சி அரிதாயிற்று. இக்காட்சிகளை 1947இல் ஓசையற்ற படமாக்கி வைத்தியர்களுக்குக் காட்டினார்.

அவர் ஆராய்ச்சியிற் குறைகள் உண்டு. இரு நிலையங்களும் வெவ்வேறு நாடுகளில் இருந்தன. அவற்றின் குழந்தைகள் முற்றும் ஒப்பானவரல்லர். 1955இல் சாமுவேல் பினோ என்பார் இவ்வழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். குழந்தையின் சில நோய்களுக்குத் தாயின் மனப்பாங்கே நஞ்சு என்று ஸ்பிட்ஸ் எழுதியதும் ஏற்கத்தக்கதன்று. எனினும் மையக் கருத்து நிலைத்தது. போருக்குப் பிந்திய ஜெர்மனியில் இரு அநாதை இல்லங்களை ஆராய்ந்த எல்சி விடோசன் அம்மையார், கடுமையான தலைவி ஒருத்தி பொறுப்பேற்ற இல்லத்திலே, மேலதிக உணவு கொடுத்தும் பிள்ளைகளின் எடை எதிர்பார்த்தபடி ஏறவில்லை என்று 1951இல் அறிவித்தார். அத்தலைவி உடன்கொண்டுவந்த செல்லப்பிள்ளைகள் எண்மர் மட்டும் நன்கு வளர்ந்தனர்.

மூன்றாம் மாத அளவில் முகங்கண்டு நகைத்தல், எட்டாம் மாத அளவில் அயலாரைக் கண்டு அஞ்சுதல், பின்னர் வேண்டாம் என மறுத்தல் ஆகிய மூன்றையும் சிசுவின் உளவளர்ச்சிப் படிகளாக ஸ்பிட்ஸ் வகுத்தார். இதனைப் படித்தபோது நம் பிள்ளைத்தமிழ் என் நினைவுக்கு வந்தது. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை எனப் பருவங்களை வகுத்த நம் புலவர், குழந்தையைத் தனியே நிறுத்தி அளக்கவில்லை. தாலாட்ட ஒருவர், கைகொட்டச் சொல்ல ஒருவர், முத்தம் வேண்ட ஒருவர், வாவென்றழைக்க ஒருவர் எதிரே இருக்கிறார். அந்த ஒருவர் இல்லையேல் பருவமும் இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எங்கள் லிங்கநகரிலும் இது ஏட்டுச் செய்தியன்று. போரிலே கணவரை இழந்தோர், வளைகுடா நாடுகளில் வீட்டுப்பணிக்குச் சென்றோர், அவர்தம் மக்களைத் தாங்கும் பேத்திமார் என இப்பகுதி குடும்பங்கள் பலபட்டவை. 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட மக்களையுடைய தாய்மாரின் வெளிநாட்டுப் பயணத்தை நம் அரசு கட்டுப்படுத்தியது. 2022இல், பொருளாதார நெருக்கடியிடையே, அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. வறுமை ஒருபுறமும் மடி ஒருபுறமும் இழுக்கும் வழக்கு இது. தாயைக் குற்றஞ்சாட்டுதல் தீர்ப்பாகாது.

குழந்தையின் எடைக்கோடு ஏறாது கிடந்தால் நாவூறு என்று நூல் கட்டுதல் போதாது. முதலில் நோயுண்டா, உணவு போதுமா என்று வைத்தியர் ஆராய வேண்டும். அதனோடு, குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறதா, கைநீட்டித் தூக்கச் சொல்கிறதா, மழலை எழுப்புகிறதா என்றும் நோக்கவேண்டும். பின்பு தாயைக் கேட்கவேண்டும்: உறக்கம் உண்டா, துயர் மிகுந்ததா, வீட்டில் அடிதடி உண்டா, கடன் நெரிக்கிறதா? தாயின் மனச்சோர்வுக்குச் செய்யும் வைத்தியம் குழந்தைக்கும் வைத்தியமாகும். தாய் தொலைவில் இருப்பின், நாளுக்கொருவர் என்றில்லாது ஒரே முகம் குழந்தையை ஊட்டி, குளிப்பாட்டி, பேசி விளையாடல் வேண்டும். நம் மருத்துவமாதர் வீடுதேடி வந்து எடை பார்க்கையில் இவற்றையும் பார்க்க நேரமும் பயிற்சியும் அவர்களுக்குத் தரப்படவேண்டும்.

1965இல் தம் கண்டறிவுகளை முதலாண்டு வாழ்க்கை பற்றிய பெருநூலாகத் தந்த ஸ்பிட்ஸ், 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் மறைந்தார். இன்று வைத்தியசாலைகளில் நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே தாய் தங்குவது இயல்பாகிவிட்டது. அவ்வுரிமையை வென்று தந்தோர் பலர். அவர்களுள் முன்னின்ற ஒருவர் ஸ்பிட்ஸ். குழந்தைக்கு அன்பு அணிகலனன்று, உணவு.