சட்டம் பயின்ற ரசிகமணி

பத்தாம் வகுப்பில் படிக்கும் நம்மைக் காண்போர் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து என்ன படிக்கப் போகிறாய்? நம்முள் சிலர் வழக்கறிஞராவோம் என்கிறோம். ஆனால், இலக்கிய மன்றத்தில் இரண்டு நிமிடம் பேச எழுந்தால் நம் குரல் நடுங்குகிறது! படிப்பைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதுமா? அதற்குரிய திறனை எங்கே பெறுவது? இதற்கு விடை கூறும் வாழ்க்கை ஒன்று நம் தென்காசியிலேயே இருக்கிறது. அதுவே ரசிகமணி டி.கே.சி.யின் வாழ்க்கை.

டி. கே. சிதம்பரநாத முதலியார் 1882-ஆம் ஆண்டு பிறந்தார். தென்காசி அவரது சொந்த ஊர். கல்லூரிக் கல்வியை முடித்துச் சட்டமும் பயின்று, வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். ஆனால் அத்தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. தமிழ்க் கவிதையே அவரை ஈர்த்தது.

அப்படியானால் அவர் சட்டம் படித்தது வீணா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். 1927 முதல் 1930 வரை சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும், அதன்பின் 1935 வரை இந்து அறநிலையத் துறை ஆணையராகவும் அவர் பணியாற்றினார். இலக்கியத்திலும் நீதிமன்றக் கண்ணோடு நோக்கினார். சாட்சிகளை எடைபோடுவது போலக் கம்பராமாயணப் பாடல்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, பல பாடல்கள் பிறர் இடையில் சேர்த்தவை என்று ஒதுக்கினார். புலவர்கள் பலர் இதனை எதிர்த்தனர். ஆயினும் அவர் தம் முடிவை அஞ்சாது எடுத்துரைத்தார்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டமான முற்றத்தில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடினர். இதுவே புகழ்பெற்ற ‘வட்டத்தொட்டி’. அங்கே ஒரு பாடலை வாய்விட்டுப் பாடுவார்கள். சொல்லின் பொருளையும் தாளத்தையும் ஆராய்வார்கள். தெளிவாகப் பேசவும், பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கவும் அது ஒரு பயிற்சிக் கூடமாயிற்று. அவருடைய அன்பர்களுள் ஒருவரான எஸ். மகாராஜன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். சட்டங்களைத் தமிழாக்கும் ஆட்சிமொழி ஆணையத்திற்கும் தலைமை தாங்கினார். கவிதை பயின்ற செவி சட்டத்திற்கும் உதவியது, பார்த்தீர்களா!

பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரை நாடி வந்தனர். அருவியின் ஓசையும் கவிதையின் ஓசையும் கலந்த அந்த வாழ்வு 1954 பிப்ரவரி 16-ஆம் நாள் நிறைவுற்றது.

இன்று சட்டக் கல்வியே செய்முறைப் பயிற்சியை வற்புறுத்துகிறது. மேல்நிலைக் கல்வியில் எந்தப் பிரிவு எடுத்தவரும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டு மாணவர்கள் குறைந்தது 20 வாரங்களும், மூன்றாண்டு மாணவர்கள் 12 வாரங்களும் களப்பயிற்சி பெற வேண்டும். மாதிரி நீதிமன்றத்தில் வாதாட வேண்டும். மனுக்களும் பத்திரங்களும் எழுதப் பழக வேண்டும். உண்மையான வழக்கு விசாரணையை நேரில் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். பேச்சு, எழுத்து, கேட்டல் ஆகிய மூன்றும் அங்கே தேவை. இம்மூன்றையும் தொடங்கச் சட்டக் கல்லூரி வரை காத்திருப்பானேன்?

அன்புத் தோழியரே! பெற்றோர் விரும்பினர் என்பதற்காகவோ, தோழி சேர்ந்தாள் என்பதற்காகவோ மட்டும் ஒரு படிப்பை நாம் எடுக்க வேண்டாம். நம் மனம் எதில் ஒன்றுகிறது என்று முதலில் அறிவோம். எடுத்த படிப்பு பிறகு மனத்திற்கு ஒவ்வாது போனாலும், அது தந்த திறனை வேறு நற்பணிக்குத் திருப்பலாம் என்பதை ரசிகமணி வாழ்ந்து காட்டினார். அடுத்த இலக்கிய மன்றக் கூட்டத்தில் நடுங்கும் குரலோடேனும் எழுந்து பேசுவோம். நம் வட்டத்தொட்டி அங்கே தொடங்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி