காற்றை உருட்டிவிட்ட மாட்டு டாக்டர்



நம் பார்க்கிங்கில் வாரக்கணக்கில் நகராமல் நிற்கும் கார்களின் டயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சில கார்கள் சப்பையாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. இந்த இதழில் டயருக்குள் காற்றை அடைத்துக் காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜான் பாய்ட் டன்லப் 1840-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். படித்தது கால்நடை மருத்துவம். தொழில் பார்த்தது அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில். அவருடைய சின்ன மகனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அந்தக் காலச் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான். கல் பாவிய தெருவில் பையன் குலுங்கிப்போனான். 1887-இல் டன்லப் மெல்லிய ரப்பர் தாளைக் குழாயாக ஒட்டி, ஒரு வட்ட மரப்பலகையின் விளிம்பில் துணியால் பொதிந்து கட்டி, பந்துக்கு அடிக்கும் பம்பால் காற்றடித்தார். வீட்டு முற்றத்தில் பழைய சக்கரத்தையும் இதையும் உருட்டிவிட்டார். பழையது பாதி வழியில் சாய்ந்தது. காற்றடைத்தது கடைசிவரை ஓடி, வாசல் கம்பத்தில் மோதித் திரும்பியது. வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று என்பதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

1888-இல் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு பெல்ஃபாஸ்ட் சைக்கிள் பந்தயத்தில் வில்லி ஹியூம் காற்று டயரில் வென்றார். ஆனால் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது தெரியவர, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. கம்பெனி அவர் பெயரிலேயே உலகமெங்கும் வளர்ந்தது. அம்பத்தூரில் அதன் ஆலை இருந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவரோ 1890-களிலேயே விலகிவிட்டார். பெரும்பணம் அவர் கைக்கு வரவில்லை. 1921-இல் டப்ளினில் காலமானார்.

அந்தக் காற்றை நாம் எப்படி நடத்துகிறோம்? பங்கில் பையன் எவ்வளவு என்று கேட்டால், டயரின் பக்கச்சுவரில் போட்டிருந்த எண்ணைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், பல வருடங்களாக. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு உரியது அல்ல. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன், பின் சக்கரங்களுக்கு எத்தனை பி.எஸ்.ஐ., முழு பாரத்துக்கு எத்தனை என்று அதில் தனித்தனியே இருக்கும். காலையில் வண்டி எடுக்குமுன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள். காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு அது முக்கியக் காரணம். அதிகமானால் நடுப்பகுதி மட்டும் தேயும், பிடிமானம் குறையும்.

புது டயர் வாங்கும்போது ஸ்டிக்கரில் உள்ள அதே அளவையே கேளுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. தள்ளுபடியில் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஞாயிறு காலை வண்டியைத் துடைக்கும்போது ஒருமுறை பாருங்கள். டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்.