ஏழிசை மன்னர் எம். கே. தியாகராஜ பாகவதர்: அவர் ஏற்ற வேஷங்களும் ஏலாத வேஷங்களும்

காலஞ்சென்ற எம். கே. தியாகராஜ பாகவதரைப் பற்றி நம்மவர் இருவர் கூடிப் பேசத் தொடங்கினால், பேச்சு எந்த வாயிலாகப் புகுந்தாலும் முடிவில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே போய் நிற்பது வழக்கமாயிருக்கிறது. அவ்வழக்கு மட்டும் நேராதிருந்தால் அவர் உயிருள்ளவரை சிம்மாசனத்திலேயே வீற்றிருந்திருப்பார் என்று ஒரு கட்சியார் சாதிப்பர். அவர் பாடகரேயன்றி நடிகர் அல்லர். பாட்டின் காலம் போயிற்று, அவரும் போனார் என்று மறு கட்சியார் கூறுவர். இரு திறத்தாரும் அவருடைய 14 படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்துப் பேசுவதாகத் தோன்றவில்லை. அபிமானத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து அவ்வாறு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாகவதர் 1910ஆம் ஆண்டில் மாயவரத்தில், பொற்கொல்லராகிய கிருஷ்ணமூர்த்தி ஆசாரியாருக்கும் மாணிக்கத்தம்மாளுக்கும் புதல்வராகத் தோன்றினார். குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடியேறிற்று. பிள்ளைக்குப் பட்டறையிலும் மனம் பற்றவில்லை, பள்ளிக்கூடத்திலும் பற்றவில்லை. பஜனை நடக்கும் இடங்களிலேயே பற்றிற்று. ஒருமுறை வீட்டைவிட்டுக் காணாமற்போய், கடப்பையில் ஜனங்கள் சூழப் பாடிக்கொண்டிருந்தவரைத் தகப்பனார் கண்டுபிடித்து அழைத்து வந்தார் என்பர். திருச்சியில் ரயில்வே அதிகாரியாகவும் ரசிக ரஞ்சன சபையின் ஸ்தாபகராகவும் விளங்கிய எப். ஜி. நடேசய்யர் இச்சிறுவனின் குரலைக் கேட்டு, தம் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். பின்னர் மதுரை பொன்னு ஐயங்காரிடமும் ஆலத்தூர் வெங்கடேசய்யரிடமும் சங்கீத சிக்ஷை முறையாக நடந்தது. நாடக மேடையில் ராஜபார்ட்டாக ஏறிய பாகவதர், ஸ்திரீபார்ட்டு எஸ். டி. சுப்புலட்சுமியுடன் நடித்த பவளக்கொடி நாடகம் ஊர் ஊராகப் பெயர் பெற்றது. அதையே கே. சுப்பிரமணியம் 1934இல் பேசும் படமாக எடுத்தார். பாட்டுகள் ஏறக்குறைய 50. பேச்சு, ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொள்ளும் அளவே இருந்தது.

அக்காலத்தின் நிலையை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும. ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் ஏற்பாடு அந்நாளில் பரவவில்லை. பாடத் தெரியாதவன் எவ்வளவு அழகனாயினும் கதாநாயகனாதல் அரிது. ஆகவே மேல்ஸ்தாயியில் கணீரென்று நிற்கும் சாரீரமும், பொன்னிறமும், கழுத்தளவு புரளும் தலைமயிரும் ஒருங்கே வாய்த்த இவருக்கு நிகராக வேறொருவர் கிடைப்பது எளிதன்று. கிராமாந்தரங்களில் வாலிபர்கள் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டு திரிந்த கதையை நம் முதியோர் சொல்லக் கேட்டிராத வீடு இராது.

ஆயினும் 1934 முதல் 1944 வரையுள்ள ஒன்பது படங்களும் ஒரே தரத்தன அல்ல. 1936இல் வந்த நவீன சாரங்கதராவும் சத்தியசீலனும் அவருடைய பாட்டுக்காகவே நினைக்கத்தக்கவை. அடுத்த ஆண்டில் இரண்டு படங்கள் வந்தன. இரண்டும் அவருடைய வாழ்வை மாற்றிவிட்டன. ஒய். வி. ராவ் இயக்கிய சிந்தாமணியில் தாசியின் மோகத்தில் அறிவிழந்து, பிறகு கண்ணன் அடியாராகும் பில்வமங்கனாக நடித்தார். ஓராண்டுக்கு மேல் ஓடிய அப்படத்தின் லாபத்தைக்கொண்டு மதுரையில் அப்பெயராலேயே ஒரு கொட்டகை எழுப்பினார்கள். எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்கிய அம்பிகாபதியிலோ கம்பர் மகனாகி, சோழன் மகளைக் காதலித்து உயிரை விடும் வேஷம். இளங்கோவன் எழுதிய வசனத்தை அதில் பாகவதர் பேசியது, அவருக்குப் பாட்டன்றி வேறொன்றும் வாராது என்போருக்குத் தக்க விடையாகும். அவருடைய படங்களுள் நடிப்புக்கென்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் யான் இதனையே சுட்டுவேன்.

அம்பிகாபதி காட்டிய வழியில் அவர் மேலே நடந்தாரா என்றால், பெரும்பாலும் இல்லை. சிந்தாமணி காட்டிய வழியே ராஜபாட்டையாயிற்று. 1939இல் திருநீலகண்டர்: மனைவியிருக்கப் பரத்தையை நாடிப் பிழைசெய்து, சபதத்துக்குட்பட்டு, ஈசனருள் பெறும் குயவனார். 1941இல் அசோக்குமார்: சிற்றன்னையின் மோகத்துக்கு இணங்காமல் பழி சுமந்து, கண்களை இழக்கும் குணாளன், சாரங்கதரன் கதையும் இவ்வகையதே என்பதை நேயர்கள் அறிவர். 1943இல் சிவகவி: சிவனையன்றி முருகனைப் பாடேன் என்று செருக்குற்றுப் பின் தெளியும் பொய்யாமொழிப் புலவர். 1944இல் ஹரிதாஸ்: பெற்றோரைத் துரத்தி, தாசியின் பின்னே போய், கால்களை இழந்து, திருந்தி அவர்கள் பாதத்திலே விழும் மகன். நம் தொழில் முறையில் சொல்வதானால் ஒரே அச்சில் வார்த்தவை. கல் பதித்ததில் மட்டுமே வேற்றுமை. இவன் பிழை செய்வான் அல்லது பழி சுமப்பான், அங்கம் ஒன்றை இழப்பான் அல்லது கர்வத்தை இழப்பான், கடைசி ரீலில் அருள் பெறுவான் என்று ஜனங்கள் அறிந்தே டிக்கட் வாங்கினார்கள்.

இதனைக் குறையென்றே தள்ளிவிடலாகாது. பாபநாசம் சிவன் பாட்டும் இளங்கோவன் வசனமும் இவருடைய குரலும் கூடிய இடத்தில், பழைய கதை புதிதாயிற்று. ஹரிதாஸில் அவர் முன்பாதியில் செய்யும் துடுக்குத்தனத்தைக் கவனித்துப் பார்த்தால், நல்லவனாக இருப்பதைவிடக் கெட்டவனாக இருப்பதில்தான் அவருக்கு உள்ளூர உற்சாகம் அதிகம் என்று தோன்றும். அந்த உற்சாகத்தை வேறு கதைகளில் செலுத்தியிருக்கலாம். அக்காலத்திலேயே அவருக்கு எதிர்க்கட்சியாகப் பேசப்பட்ட பி. யு. சின்னப்பா, 1940இல் உத்தமபுத்திரனில் நல்லவனும் தீயவனுமாக இரட்டை வேஷம் போட்டார், சண்டை போட்டார், 1942இல் கண்ணகியில் கோவலனானார். குரலில் பாகவதரே மேல் என்பது என் கட்சி. வேஷத்தைத் தேர்ந்துகொள்ளும் துணிவிலோ சின்னப்பாவே மேல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி வழக்குக்கு வருவோம். பிறர் அந்தரங்கத்தைத் தூற்றிப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் மாதம் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தான். டிசம்பரில் பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும், படமுதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை ஹைகோர்ட்டில் செய்த அப்பீல் தள்ளுபடியாயிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடியும் விசாரிக்கும்படி திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் ஹைகோர்ட்டார் இருவரையும் குற்றமற்றவர்களென்று விடுவித்தனர். செய்யாத குற்றத்துக்குச் சுமார் இரண்டரை ஆண்டு சிறை. செல்வத்தின் பெரும்பகுதி வழக்கிலே கரைந்தது. முன்பணம் கொடுத்திருந்த படமுதலாளிகள் பலர் அதைத் திருப்பிக் கேட்டார்கள். இது பெருங்கொடுமை என்பதில் எவருக்கும் ஆட்சேபமிராது.

கொடுமை என்பது வேறு, வீழ்ச்சிக்குக் காரணம் என்பது வேறு. இரண்டு சங்கதிகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது: 1944 தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதாவது நாயகர் சிறைக்குள்ளே இருக்கையில், ஜனங்கள் வெளியே வரிசையில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் அவரைக் கைவிட்டார்கள் என்பது எங்ஙனம் பொருந்தும்? இரண்டாவது: கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் அதே வழக்கில், அதே காலம், அதே தண்டனையை அனுபவித்து, அதே நாளில் வெளிவந்தவர். அவர் 1949இல் அண்ணாதுரை கதை எழுதிய நல்லதம்பியில் நடித்தார். 1951இல் மணமகள் என்னும் படத்தைத் தாமே இயக்கி வெற்றி கண்டார். சிறைதான் காரணமென்றால் அது இருவரையும் ஒருங்கே அழித்திருக்கவேண்டும். நகைச்சுவை நடிகருக்கு வயதும் உருவமும் தடையல்ல என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அதிலும் கொஞ்சம் உண்மையுண்டு. ஆயினும் கலைவாணர் புதிய கதையாசிரியர்களைத் தேடிப்போனார் என்பது மறுக்கவொண்ணாதது.

பாகவதரும் புதியவரை நாடவில்லை என்று முற்றாகச் சொல்லிவிட முடியாது. வெளிவந்ததும் சொந்தப் படமாகத் தொடங்கிய ராஜமுக்திக்கு வசனமெழுதப் புதுமைப்பித்தனையே அழைத்துக்கொண்டார். பூனாவில் பிரபாத் ஸ்டூடியோவில் படம் எடுக்கப்பட்டது. அங்கே க்ஷயரோகம் முற்றிய புதுமைப்பித்தன் 1948 ஜூனில் திருவனந்தபுரத்தில் காலமானார். ராஜமுக்தி அவ்வாண்டே வெளிவந்து தோல்வியுற்றது. எழுத்தாளர் புதியவர், கதையின் வார்ப்போ பழைய ராஜா ராணி வார்ப்பு. எம். எல். வசந்தகுமாரி முதன்முதலாகப் பின்னணி பாடிய படங்களுள் ஒன்று அது. பின்னணிப் பாட்டு என்னும் அந்த ஏற்பாடுதான் பாடாத நடிகர்களுக்கு வாயில் திறந்துவிட்டது என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. அவருடைய சொந்தப் படத்திலேயே அவ்வாயிலின் ஓசை கேட்டது.

1949இல் வேலைக்காரி, 1952இல் பராசக்தி என்று வசனத்தின் ஆட்சி வந்தது. அதே 1952இல் பாகவதர் அமரகவியும் சியாமளாவும் கொடுத்தார். பாட்டில் பழுதில்லை, கொட்டகையில் கூட்டமில்லை. அவருடைய கச்சேரிகளுக்குக் கூட்டம் குறையவில்லை என்பதையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும். மனிதரை வேண்டாமென்று சொல்லாத ஜனங்கள் அவ்வேஷத்தைத்தான் வேண்டாமென்றார்கள்.

வழி இல்லாமற் போயிற்றா? அசோக்குமாரில் அவருக்குத் தந்தையாக அசோகச் சக்கரவர்த்தி வேஷம் போட்ட சித்தூர் வி. நாகையாவுக்கு அப்போது வயது 37. மகனாக நடித்த பாகவதருக்கு 31. நாகையாவும் பாடகர், கதாநாயகர். அவர் தந்தை வேஷத்தை இழிவாகக் கருதாமையால் பல ஆண்டு திரையில் நிலைத்தார். 1957இல் சிவாஜி கணேசனை நாயகனாக வைத்து அம்பிகாபதி மறுபடியும் எடுக்கப்பட்டபோது, கம்பர் வேஷத்துக்குப் பாகவதரைக் கேட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் திரைப்பட வரலாறு எழுதுவோர் கூறுவர். எம். கே. ராதா கம்பரானார். இருபதாண்டுக்கு முன் எந்த மகனாக உயிரை விட்டாரோ, அந்த மகனுக்குத் தந்தையாக நின்று புலம்ப இவருக்கு மனம் வரவில்லை போலும். அக்குரலும், பட்ட துன்பமும், முதிர்ந்த முகமும் கம்பர் வேஷத்துக்கு எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. அதே ஆண்டு அவர் தாமே இயக்கி, 47ஆம் வயதில் தாமே நாயகராக நடித்து வெளியிட்ட படத்தின் பெயர் புதுவாழ்வு.

நீரிழிவு உடம்பை வாட்டியது. கண்ணொளி மங்கி, இறுதியில் பார்வை இழந்தார், அந்நிலையிலும் பாடினார். 1959 நவம்பர் முதல் தேதி சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். அவர் நடித்துவைத்திருந்த சிவகாமி என்னும் படம் மறுவருஷம் வெளிவந்தது.