புற்றுநோயின் வேரைத் தேடிய போவேரி

அவர் வைத்தியர் அல்ல. எந்த நோயாளிக்கும் மருந்து கொடுத்தவர் அல்ல. புழுவின் முட்டையையும் கடல் பிராணியின் முட்டையையும் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்தவர்.

ஆனால், புற்றுநோய் உடம்பில் எப்படித் தோன்றுகிறது என்பதை 1914-ம் ஆண்டிலேயே ஊகித்துச் சொன்னவர் அவர்தான். அதை உலகம் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

அவர் பெயர் தியோடர் போவேரி. ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி.

சரித்திரம் படிக்கப் போனவர்

ஜெர்மனியில் பாம்பெர்க் என்ற ஊரில் 1862-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி போவேரி பிறந்தார். வீட்டில் நான்கு ஆண் பிள்ளைகள். அவர் இரண்டாவது பிள்ளை. அவருடைய தம்பி வால்ட்டர், பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தில் பெரிய மின்சார எந்திரக் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர்.

போவேரி நன்றாகப் படம் வரைவார். பியானோ வாசிப்பார். மியூனிக் நகரப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கத்தான் சேர்ந்தார். விரைவிலேயே உயிர்களைப் பற்றிய படிப்பு அவர் மனதை இழுத்துக்கொண்டது. 1885-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதற்குள் நூல் போன்ற துண்டுகள் தெரியும். அவைதான் குரோமோசோம்கள். மனிதனுடைய உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உண்டு. இந்தக் கணக்கே 1956-ம் ஆண்டில்தான் சரியாகத் தெரிந்தது.

போவேரி கெட்டிக்காரர். எண்ணுவதற்குச் சுலபமான பிராணியைத் தேர்ந்தெடுத்தார். குதிரையின் குடலில் வாழும் ஒருவகைப் புழுவுக்கு, அதிகம் போனால் நான்கு குரோமோசோம்கள்தான். அதன் முட்டையை வைத்து அவர் செய்த ஆராய்ச்சிகள் அவருக்குப் புகழ் தேடித்தந்தன. 1893-ம் ஆண்டு, முப்பதாவது வயதில், வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

கடல் கடந்து வந்த மாணவி

1896-ம் ஆண்டு அமெரிக்காவில் இருந்து ஒரு பெண்மணி அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்தார். பெயர் மார்செல்லா ஓ'கிரேடி. அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தவர். வூர்ஸ்பர்க்கில் பெண்களை மாணவராகச் சேர்க்கும் வழக்கம் அப்போது இல்லை. ஆனாலும் அவருக்கு இடம் கிடைத்தது.

மறு ஆண்டே இருவருக்கும் திருமணம் நடந்தது. அதன்பின் கணவருடைய ஆராய்ச்சிகளில் மார்செல்லா துணை நின்றார். அவர்களுக்கு மார்கரெட் என்று ஒரே மகள். அவர் பின்னாளில் பெயர் பெற்ற பத்திரிகையாளர் ஆனார்.

முள் பந்து சொன்ன செய்தி

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் கடல் பிராணிகளை ஆராயும் நிலையம் ஒன்று உண்டு. போவேரி அங்கே பலமுறை சென்றார். உடம்பெல்லாம் முள்ளாக, பந்து போல இருக்கும் கடல் முள்ளெலியின் முட்டைகளை எடுத்து ஆராய்ந்தார்.

வழக்கமாக ஒரு முட்டைக்குள் ஒரே ஓர் ஆண் அணுதான் நுழையும். முட்டை இரண்டாகப் பிரியும். பிறகு நான்காகும். அந்த நான்கையும் தனித்தனியே பிரித்து வைத்தால்கூட, ஒவ்வொன்றும் சிறிய முழுக் குஞ்சாக வளரும்.

போவேரி இரண்டு ஆண் அணுக்களை ஒரே முட்டைக்குள் புக வைத்தார். அந்த முட்டை ஒரே வீச்சில் நான்காகப் பிரிந்தது. குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கு போயின.

மூன்று தச்சர்களின் கருவிகளை ஒன்றாகக் கொட்டி, நான்கு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பங்கிட்டால் என்ன ஆகும்? ஒருவனுக்கு இரண்டு ரம்பம் வரும், உளி இருக்காது. இன்னொருவனுக்கு உளி வரும், சுத்தியல் இருக்காது. அந்த நிலைதான் இங்கேயும்.

அந்த நான்கு அணுக்களையும் தனித்தனியே வளர்த்தார் போவேரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டது. பெரும்பாலானவை மடிந்தன.

இதிலிருந்து ஓர் உண்மையை அவர் கண்டார். குரோமோசோம்கள் எல்லாம் ஒன்று போன்றவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. ஒன்று குறைந்தாலும் ஆபத்து. 1902-ம் ஆண்டு இதை வெளியிட்டார்.

கட்டு மீறிய அணு

அப்போதே அவர் மனதில் இன்னொரு எண்ணம் உதித்தது. புற்றுநோய்க் கட்டியில் உயிரணுக்கள் முறை தவறிப் பிரிவதை ஹான்ஸ்மன் என்ற ஜெர்மன் டாக்டர் முன்பே கண்டு எழுதியிருந்தார். குரோமோசோம்கள் தப்பாகப் பங்கு போவதுதான் புற்றுநோய்க்கும் காரணமோ என்று போவேரி நினைத்தார். அதைச் சொன்னபோது டாக்டர்கள் காது கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் அவர் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்.

இதற்கிடையே உடல்நலம் கெட்டது. கைகால் வாதமும் மனச்சோர்வும் வாட்டின. பெர்லினில் புதிய ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராகும்படி அழைப்பு வந்தது. மிகப் பெரிய பதவி. உடம்பு இடம் கொடுக்காததால் மறுத்துவிட்டார்.

ஆனால் புற்றுநோய் பற்றிய எண்ணத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. 1914-ம் ஆண்டு அதை ஒரு சிறிய நூலாக எழுதி வெளியிட்டார்.

உயிரணு கண்டபடி பெருகாமல் அடக்கி வைக்கும் சக்தி குரோமோசோமில் இருக்கிறது. அது போய்விட்டால் அணு கட்டு மீறிப் பெருகும். புற்றுநோய்க் கட்டி இப்படிக் கெட்டுப்போன ஒரே அணுவில் இருந்து தொடங்குகிறது. இதுவே அந்த நூலின் சாரம்.

அந்த ஆண்டே உலகப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு, 1915-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, போவேரி காலமானார். 53 வயது நிறைந்து மூன்றே நாள் ஆகியிருந்தது.

மனைவி காத்த நூல்

மார்செல்லா அந்த நூலை மறக்கவில்லை. பிற்பாடு அமெரிக்காவுக்குத் திரும்பிய அவர், அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1929-ம் ஆண்டு வெளியிட்டார். கணவரின் கருத்து கடல் கடந்து பரவியது.

1969-ம் ஆண்டு ஹென்றி ஹாரிஸ் என்ற இங்கிலாந்துப் பேராசிரியரும் அவருடைய தோழர்களும் புற்றுநோய் அணுவையும் நல்ல அணுவையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தார்கள். கெட்ட அணு அடங்கிப்போயிற்று. அடக்கும் சக்தி நல்ல அணுவில் இருப்பது தெரிந்தது.

1971-ம் ஆண்டு அமெரிக்க டாக்டர் ஆல்ஃபிரட் நுட்சன், குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்றுநோயை ஆராய்ந்தார். 48 குழந்தைகளின் விவரங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

மாட்டை இரண்டு கயிற்றால் கட்டியிருக்கிறோம். ஒன்று அறுந்தாலும் மாடு நிற்கும். இரண்டும் அறுந்தால்தான் ஓடும். அதுபோல, அணுவை அடக்கும் ஜீன் தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என இரண்டு உண்டு. இரண்டும் பழுதானால்தான் இந்தப் புற்றுநோய் வரும் என்று நுட்சன் சொன்னார். சில குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு கயிறு அறுந்து பிறக்கின்றன. அதனால்தான் அவர்களுக்கு நோய் சீக்கிரம் வருகிறது. பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வருகிறது.

1986-ம் ஆண்டு அந்த ஜீன் கையில் சிக்கியது. அது இருக்கும் இடம் 13-வது குரோமோசோம். புற்றுநோயை அடக்கும் ஜீன்களில் முதலில் அகப்பட்டது அதுதான். பிறகு இன்னும் பல கிடைத்தன. அவற்றில் 'பி53' என்பது முக்கியமானது. அணுவில் பழுது நேர்ந்தால், அது பெருகுவதை நிறுத்தி வைக்கும் காவல்காரன் அது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் பாதியில் அந்தக் காவல்காரன் கெட்டுப்போயிருக்கிறான். சிகரெட், பீடிப் புகை அவனைக் கெடுக்கும் பகைகளில் ஒன்று.

கண் பிழைத்தது

இன்று, குடும்பத்தில் அந்தக் கண் நோய் இருந்தால், குழந்தையின் இரத்தத்தை எடுத்து ஜீனைச் சோதிக்கிறார்கள். பழுது இருந்தால் பிறந்தது முதலே கண்ணை அடிக்கடி பரிசோதிக்கிறார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் உயிரையும், பல சமயம் பார்வையையும் காப்பாற்ற முடிகிறது. குழந்தையின் கண்மணி பூனைக் கண் போல வெள்ளையாக மின்னினால், தாமதிக்காமல் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடல் முள்ளெலியின் முட்டைக்கும் குழந்தையின் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றாத காலத்தில், அந்தச் சம்பந்தத்தைக் கண்டவர் போவேரி. அவருக்குப் பதவி எட்டவில்லை, ஆயுளும் போதவில்லை. ஆனால் நோயோடு போராடிக்கொண்டே அவர் எழுதிய அந்தச் சிறிய நூல், இன்று எத்தனையோ குழந்தைகளின் கண்ணைக் காக்கும் ஆராய்ச்சிக்கு முதல் விளக்காக நின்றது.