திப்பு சுல்தானின் கைத்துப்பாக்கி

அயல்நாட்டார் மாதிரியில் மோட்டார் வண்டிகள் இயற்றப்படும் ஸ்ரீபெரும்புதூருக்கு அணித்தே உளது பொள்ளிலூர். ஆங்கு 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், தந்தை ஹைதர் அலியுடன் நின்று கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தவர், 1750-இல் தேவனஹள்ளியிற் பிறந்த திப்பு சுல்தான்.

திரி கொளுத்திச் சுடுதலே நம் நாட்டுப் பழைய வழக்கம். சக்கிமுக்கிக் கல்லின் பொறியாற் சுடும் கைத்துப்பாக்கி ஐரோப்பியர் கருவி. திப்பு அதனை ஏற்றும் அவ்வண்ணமே கொண்டாரல்லர். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கம்மியரைக் கொண்டு, பொறி ஒன்றில் வலப்புறமும் மற்றொன்றில் இடப்புறமும் அமைந்த இணைத் துப்பாக்கிகளைச் செய்வித்தார். தம் சின்னமாகிய புலியுருவையும் புலிவரியையும் அவற்றிற் பொறிப்பித்தார்.

குணங்கூறுவோர் குற்றத்தையும் மறைத்தலாகாது. 1784-இல் மங்களூர்க் கிறிஸ்தவரைச் சிறைப்படுத்தியதும் அவரே. 1799 மே 4-ஆம் நாள் கோட்டை வாயிலருகே பொருது மடிந்தார். பிறர் கலையைத் தமதாக்கிய அவர் திறம் நாம் கொள்ளத்தக்கது. அவர் வன்மை தள்ளத்தக்கது.