சிறைப் பிள்ளைகளின் சிநேகிதர்

ஒருமுறை சிறைக்குப் போன பையன் மறுபடியும் போவானா என்பதை எதைக்கொண்டு அறியலாம்? இக்காலத்து அதிகாரிகள் அவன் வயது, செய்த குற்றம், வீட்டு நிலை, கூட்டாளிகள் எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கிறார்கள். இத்தாலியில் தூரின் பட்டணத்துக் குருவானவர் ஒருவர் இதை வெகு காலத்துக்கு முன்பே தம் கண்ணால் கண்டறிந்தார். அவரே அர்ச். ஜான் போஸ்கோ.

1815-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்த அவர், இரண்டு வயது நிறையுமுன் தகப்பனை இழந்தார். தாய் மார்கரீத்தா அம்மாள் பாடுபட்டு வளர்த்தாள். 1841-ல் குருப்பட்டம் பெற்றதும், அர்ச். ஜோசப் கபாசோ சுவாமியார் அவரைச் சிறைகளுக்கு அழைத்துப்போனார். அங்கே 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அடைபட்டுக் கிடந்தார்கள். விடுதலையானவர்களில் பலர் சில நாளில் திரும்பி வந்துவிட்டதைக் கண்டு அவர் மனம் பதைத்தது. வெளியே அவர்களை ஏற்றுக்கொள்ள ஒருவரும் இல்லாததே காரணம் என்று கண்டுகொண்டார்.

ஆகையால் திக்கற்ற பிள்ளைகளை ஞாயிறுதோறும் கூட்டிச் சேர்த்து, ஞானோபதேசமும் எழுத்தும் விளையாட்டும் தந்தார். 1846-ல் வால்தோக்கோவில் ஒரு கொட்டகை கிடைத்தது. அவ்வருஷமே தாயாரும் அங்கு வந்து அவர்களுக்கெல்லாம் தாயானாள். பையன்களைத் தொழிலில் சேர்க்கும்போது எஜமானனிடம் ஒப்பந்தம் எழுதி வாங்குவார். 1852-ல் ஒரு தச்சனோடு செய்த ஒப்பந்தத்தில், பையனை வார்த்தையால் திருத்தலாமேயன்றி அடிக்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டு.

1855-ல் ஜெனராலா என்னும் சிறுவர் சிறையிலிருந்து ஏறக்குறைய 300 பேரைக் காவலரின்றி ஸ்துபினீஜிக்கு ஒருநாள் உலாவ அழைத்துச் சென்றார் என்றும், மாலையில் ஒருவன் குறையாமல் எல்லாரும் திரும்பினார்கள் என்றும் அவர் சரித்திரம் கூறுகிறது. ஒரு நாள் உலாவினதால் எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் தங்களை நம்பினவரை அவர்கள் வஞ்சிக்கவில்லை.

அறிவு, தேவபக்தி, அன்பு ஆகிய மூன்றுமே அவர் கையாண்ட முறை. 1888 ஜனவரி 31-ல் மரித்த அவருக்கு 1934-ல் அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பட்டது. அவருடைய சபையார் 1906-ல் நம் தஞ்சாவூருக்கும் வந்தார்கள்.

பெற்றோர்களே, தண்டனை தீர்ந்த பையன் ஒருவன் உங்கள் தெருவுக்குத் திரும்பினால், அவனைக் கண்டதும் கதவைச் சாத்தாதீர்கள். ஒரு வேளைச் சோறும், ஒரு வேலையும், பூசைக்குக் கூட அழைத்துப்போக ஒரு துணையும் அவனுக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். அவன் மீண்டும் விழுவதும் நிலைப்பதும் பெரும்பாலும் அதில் இருக்கிறது.