நெல்லைக்குப் பாலம் தந்த சிரஸ்தார்

நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி. அந்தக் காலத்தில் படகில்தான் அக்கரை போக வேண்டும். யார் முந்தி ஏறுவது என்று துறையில் அடிதடி! வெள்ளம் வந்தால் படகும் கிடையாது.

பாலம் கட்டப் பணம்?

கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் சுலோசன முதலியார் முன்வந்தார். சுமார் 50 ஆயிரம் ரூபாய், அத்தனையும் சொந்தப் பணம்! மனைவியின் நகைகளும் அதில் சேர்ந்தன என்பார்கள்.

1843-ல் பாலம் திறக்கப்பட்டது. 11 வளைவுகள். அகலம் சுமார் 21 அடி. நடந்து போகிறவர்களுக்கும் மாட்டு வண்டிக்கும் அது தாராளம். பிறகு சைக்கிள் வந்தது. பஸ், லாரி வந்தன. 21 அடிக்குள் எல்லோரும் ஒதுங்கிப் போக முடியுமா? பின்னாளில் பாலத்தை அகலப்படுத்தினார்கள். பெயரை மாற்றவில்லை. சுலோசன முதலியார் பாலம்தான்.